சோலையின் பெயர் தாங்கிய பறவை



மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் வாழும் நம் குடும்பங்களில் கோடை விடுமுறைக்கு உதகை சென்று வராதோர் சிலரே. ஆயினும் அம்மலைச் சோலையில் தரையோரம் தத்தித் திரியும் நீலகிரிச் சோலைக்கிளியைக் கண்டவர் அதனினும் சிலர்.

கிளி என்றவுடன் பச்சைக் கிள்ளையை எண்ணலாகாது. மலையாளத்தில் அச்சொல் பொதுவாகச் சிறு பறவையைக் குறிக்கும். இஃது ஏறத்தாழ 15 செ.மீ. நீளமே உடையது. மேனி கருநீலம், விலாப்புறம் செம்பழுப்பு. உருவம் சிறிதாயினும் அதன் சீழ்க்கை இனிமை மிக்கது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்டன் என்னும் படை மருத்துவர் இதனை அறிவியல் உலகுக்கு அறிவித்தார். பழனிமலையில் வாழும் இதன் உறவினத்தை 1868-இல் பிளான்போர்டு விவரித்தார். அந்நாளில் ஒரு பறவையை அறிதல் என்பது, பெரும்பாலும் அதனைச் சுட்டு வீழ்த்தித் தோலைப் பாடம் செய்து வைப்பதேயாகும். அத்தோல்களை வைத்துக்கொண்டு இப்பறவையை ஓர் இனத்திலிருந்து மற்றோர் இனத்திற்கு மாற்றிக்கொண்டே இருந்தனர்.

பிற்காலத்தில் வி. வி. ராபினும் அவர்தம் குழுவினரும் மெல்லிய வலையில் பறவைகளைப் பிடித்துச் சிறிது குருதி எடுத்து, உயிருடன் பறக்கவிட்டனர். வலையில் சிக்கிய பொழுதின் அச்சமும் துன்பமே. எனினும் துப்பாக்கி எங்கே, இஃது எங்கே! அவ்வாய்வின் பயனாக 2017-இல் இவற்றுக்கு ‘ஷோலிகோலா’ என்னும் புதுப் பேரினம் வகுக்கப்பட்டது. சோலையில் வாழ்வது என்பது பொருள். நம் சோலை என்னும் சொல் இலத்தீன் ஈற்றோடு உலகேடுகளில் ஏறிவிட்டது.

இவை குளிர்ந்த மலைமுடிச் சோலைகளை விட்டு இறங்கா. பாலக்காட்டுக் கணவாயின் வெப்பச் சமவெளியே வடக்கே நீலகிரி இனத்தையும் தெற்கே வெண்வயிற்று இனத்தையும் பன்னெடுங்காலமாகப் பிரித்து வைத்துள்ளது. அஃது இயற்கை இட்ட எல்லை. தேயிலையும் சீகையும் யூகலிப்டசும் நட்டு மனிதர் இட்ட எல்லைகளோ நேற்றையவை. அவற்றால் பிரிந்த பறவைகளின் பாட்டும் வேறுபடத் தொடங்கிவிட்டது என ஆய்வாளர் கண்டுள்ளனர். ஒரே குடும்பத்தார் ஊர் பிரிந்து பேச்சு மாறுவது போன்றதன்று இது; அவர்கள் மீண்டும் சந்திக்கலாம், இப்பறவைகளுக்கு இடையே காடு இல்லை. நீலகிரி இனம் இன்று அழிவின் விளிம்பிலுள்ள உயிர்களின் பட்டியலில் இருக்கிறது.

கோத்தகிரி அருகிலுள்ள லாங்வுட் சோலையின் பரப்பு ஏறத்தாழ 116 ஹெக்டேர் மட்டுமே. 2024-இல் அது ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. சுற்றியுள்ள சிற்றூர்களுக்குக் குடிநீர் தருவதும் அச்சோலையே. அடுத்த கோடையில் மலையேறும் குடும்பத்தார் உதகை ஏரிப் படகுத் துறையோடு திரும்பிவிடாமல், ஒரு விடியற்காலையில் அச்சோலையோரம் சற்றே ஓசையின்றி நின்று பார்க்கலாம். பறவை கண்ணில் படுவது அரிது; பாட்டுக் கேட்கக்கூடும்.