வீடு பார்க்க ஆள் வர்றாங்களா?

வீட்டை விற்க விளம்பரம் கொடுத்துட்டீங்க. இனி முன்பின் தெரியாத பலர் உங்க வீட்டுக்குள்ள வந்து போவாங்க. பெருக்கித் துடைச்சு வெச்சா மட்டும் போதாதுங்க.

முதலில் சம்ப்பைப் பாருங்க. பல வீடுகளில் அது வாசல் பக்கத்திலேயே இருக்கும். மூடி ஆடுதா, துருப்பிடிச்சிருக்கா? வர்றவங்க குழந்தையோடு வருவாங்க. நாம சமையலறையைக் காட்டுற நேரத்துல அது வெளியே ஓடிடும். மூடிக்குப் பூட்டு போடுங்க. மொட்டை மாடிக்கு யாரையும் தனியாக அனுப்பாதீங்க.

நகை, பாஸ்புக் எல்லாம் பீரோவுக்குள். சாவியை பீரோ மேலேயே வெச்சா என்ன பிரயோஜனம்?

இதைவிட முக்கியம் மூலப் பத்திரம். “ஒரு போட்டோ எடுத்துக்கறேன், வக்கீல்கிட்ட காட்டணும்” என்பார்கள். முதல் தடவை வருபவருக்கு அசல் தேவையில்லை. வில்லங்க விவரத்தைப் பதிவுத்துறை இணையதளத்தில் கட்டணமில்லாமல் பார்க்கலாம். சர்வே எண் இருந்தால் பட்டாவையும் ஆன்லைனில் பார்க்கலாம். உங்க போனிலேயே திறந்து காட்டுங்க. அசல் தொலைந்தால் போலீஸ் புகார், பத்திரிகை விளம்பரம், ‘கண்டுபிடிக்க இயலவில்லை’ என்ற சான்று என்று அலையணும். அதுவரை விற்பனையும் நிற்கும்.

வயதானவர்கள் மட்டும் இருக்கும்போது யாரையும் வரச் சொல்லாதீங்க. பகல் நேரமே நல்லது. வருபவரின் பெயர், எண்ணைப் பக்கத்து வீட்டில் சொல்லி வையுங்க. போனில் ‘காவல் உதவி’ செயலி இருக்கட்டும், அவசரத்துக்கு 112.

அவங்க கிளம்பியதும் பின்கதவு, ஜன்னல் தாழ்ப்பாளை ஒரு தடவை சரிபார்த்துடுங்க.