மலைநாட்டுத் தம்பதியரின் முதல் விடுமுறை



சித்திரை மாதம் பிறக்கும்போது கொழும்பு மாநகரின் வெப்பத்தைத் தாங்கமாட்டாதோர் மலையேறி நுவரெலியாவுக்கு வருதல் நெடுங்கால வழக்கம். குதிரைப் பந்தயமும் மலர்க் கண்காட்சியுமாக அந்நகரம் அம்மாதத்தில் ஆரவாரிக்கும். வசந்தகாலம் என்று அதற்குப் பெயர். அங்ஙனம் புகையிரதத்தில் வருவோர் இறங்கும் நிலையம் நானுஓயா. ஆனால் அந்நிலையத்தைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் வாழ்வோருக்கு விடுமுறைக்காலம் என்பது யாது? குளிரிலேயே பிறந்து குளிரிலேயே வளர்ந்தவர் குளிர்ச்சியை நாடி எங்கே செல்வர்? அவர்கள் மலையிறங்கி, நகரையும் கடலையும் கண்டுவரச் செல்லுதலே முறையாகும். அம்முறை இன்னும் வழக்காகவில்லை என்பதே இப்பேச்சுக்குக் காரணம்.

நானுஓயாவை அடுத்த தோட்டமொன்றில் வாழும் இளந்தம்பதியர் இருவரை எண்ணிக்கொள்க. கணவன் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கின்றான். மனைவி மலையில் கொழுந்து பறிக்கின்றாள். மணமாகி இரண்டு ஆண்டுகள் ஆகியும் இருவரும் சேர்ந்து சென்ற இடங்கள் கோயில் திருவிழா, உறவினர் வீட்டுக் கல்யாணம், இழவு வீடு என்பனவே. இவ்வாண்டு நான்கு நாள் விடுமுறை எடுத்து எங்கேனும் சென்றுவர விரும்புகின்றனர். கணவனுக்குக் கொழும்பைக் காண ஆசை. மனைவிக்குக் கடலைக் காண ஆசை. வீட்டிலிருக்கும் முதிய தாய்க்கோ இரண்டும் வீண்செலவு. “கடலைப் பாத்துட்டு வந்தா கொழுந்து தானாகவா வந்து கூடையில விழும்?” என்று அவள் கேட்கின்றாள். “பிறந்தது முதல் மலையைத்தானே பாத்துக்கிட்டிருக்கேன், அத்தை! ஒரு தரம் மலையில்லாத பக்கம் பாத்துட்டு வாறேன்” என்பது மருமகளின் மறுமொழி.

மாமியாரின் கேள்வியை இகழ்ந்து ஒதுக்குதல் தகாது. நாட்சம்பளத்தில் வாழும் குடும்பத்திற்கு ஓய்வென்பது விலைகொடுத்து வாங்கும் பொருள். மாதச் சம்பளம் பெறும் உத்தியோகத்தர் விடுமுறையில் சென்றால் அவருக்குச் செலவு மட்டுமே உண்டு. தோட்டத் தொழிலாளிக்குச் செலவோடு வரவிழப்பும் சேரும். 2024ஆம் ஆண்டு செப்டெம்பரில் விதிக்கப்பட்ட நாளொன்றுக்கு 1350 ரூபாய் என்னும் அளவில் கணக்கிட்டால், இருவருக்கு நான்கு நாட்பேர் தவறும்போது 10,800 ரூபாய் போகும். அதன்பின் சம்பளம் உயர்ந்த அளவுக்கு இவ்விழப்பும் உயரும். இக்கணக்கை முதலில் எழுதாமல் பயணச்சீட்டு விலையை மட்டும் எழுதுவோர் திரும்பிவந்த மாதத்தில் கடைக்காரரிடம் தலைகுனிய நேரும்.

ஆயினும் இவ்விழப்பு முழுவதையும் தாங்கியே தீரவேண்டும் என்பதில்லை. 1941ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ், முந்திய ஆண்டில் வேலைசெய்த நாட்களின் தொகைக்கேற்பச் சம்பளத்தோடு கூடிய ஆண்டு விடுமுறை தோட்டத் தொழிலாளருக்கும் உண்டு. அவ்விடுமுறையை எடுக்காமலே விட்டுவிடுவோர் பலர். தம் கணக்கில் எத்தனை நாள் உளவென்பதைத் தோட்ட அலுவலகத்திற் கேட்டறிதல் முதல் வேலை. சித்திரை மழையோடு கொழுந்து பெருகத் தொடங்குமாதலால், கடைசி நேரத்தில் விடுமுறை கேட்பதினும் மாசி மாதத்திலேயே சொல்லிவைத்தல் நன்று.

பணத்தை எங்ஙனம் சேர்ப்பது? தீபாவளி முற்பணத்தைப் பயணத்திற்கென்று ஒதுக்குதல் கூடாது. அது மாதாமாதம் சம்பளத்திற் கழிக்கப்படும் கடன். கழுத்து நகையை அடகு வைத்துச் செல்லும் பயணத்திலும் இன்பம் இராது. லயத்துப் பெண்கள் தமக்குள் நடத்தும் சீட்டில் ஒரு பங்கு சேர்ந்து, பங்குனி முடிவில் அதனை எடுத்துக்கொள்வது நம்பத்தக்க வழி. சேர்ந்த பணத்தில் ஒரு பகுதியை ஊரிலேயே விட்டுச் செல்லவேண்டும். அது திரும்பிவந்த வாரத்து அரிசிக்கும் மாவுக்கும் உரியது.

அடுத்து, எக்காலத்திற் செல்வது? வருடப்பிறப்பு நாட்களிற் கொழும்புக்குச் செல்வோர் ஏமாற்றமடைவர். அந்நாட்களில் நகரத்தார் தத்தம் ஊர்களுக்குச் சென்றுவிடுவதால் கடைகள் அடைபட்டிருக்கும், உணவுச்சாலைகளிற் பல திறந்திரா, பேருந்துகளும் குறையும். ஆகவே புத்தாண்டைத் தாயோடு வீட்டிற் கொண்டாடி, அடுத்த வாரத்திற் புறப்படுதலே அறிவுடைமை. அதனைக் கடந்து வைகாசிவரை தள்ளிப்போடுதலும் ஆகாது. மே மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று எழுந்தால் மேற்குக் கரையிலும் தெற்குக் கரையிலும் கடல் கொந்தளிக்கத் தொடங்கும். அது செப்டெம்பர்வரை நீடிக்கும். அம்மாதங்களில் அமைதியாயிருப்பது கிழக்குக் கடல். ஆதலின் ஆவணியில்தான் விடுமுறை கிடைக்குமெனில், திருகோணமலையையும் நிலாவெளியையும் எண்ணலாம்; சித்திரையில் கிடைக்குமெனில் கொழும்புப் பக்கமே பொருத்தம்.

நகரா, கடலா என்னும் வழக்கு எளிதில் தீரக்கூடியது. கொழும்பின் தென்பகுதியில் வெள்ளவத்தை என்னும் இடமுண்டு. அதன் புகையிரத நிலையம் கடலோரத்திலேயே இருக்கின்றது. காலி வீதியோ பேருந்துகள் இடையறாது ஓடும் பெருவீதி. தமிழர் பெருந்தொகையாய் வாழும் பகுதியாகையால் மொழித் தடுமாற்றமில்லை. சைவ உணவுச்சாலைகளும் உண்டு. அங்கே சிக்கனமான அறையொன்றில் தங்கினால், காலையில் நகரத்தையும் மாலையில் கடலையும் காணலாம். இரண்டு ஊர்களில் இரண்டு அறைகளுக்கு வாடகை கொடுக்கவேண்டியதில்லை.

கொழும்பில் உறவினர் இருக்க அறைக்கு ஏன் பணம் என்று கேட்கலாம். உறவினர் வீடு அன்பான இடமே. ஆனால் கடையிலோ பிறர் வீட்டிலோ வேலைசெய்து சிற்றறையிற் குடியிருக்கும் உறவினருக்கு இருவர் விருந்து சுமையாகலாம். மேலும், அங்கு செல்லும் பெண் அடுப்படிக்குள் நுழையாதிருக்க முடியாது. விடியுமுன் எழுந்து ரொட்டி சுட்டு வைத்துவிட்டு மலைக்குச் சென்று, மாலையிற் கூடையை இறக்கிவைத்த கையோடு மீண்டும் அடுப்பை மூட்டும் பெண்ணுக்கு, நான்கு நாட்கள் பிறர் சமைத்ததை அமர்ந்து உண்பதே பெரிய விடுமுறை. கணவன்மார் இதனைக் கணக்கில் எழுதவேண்டும். உறவினரை ஒரு பொழுது சென்று கண்டுவருதல் போதும்.

இனிப் பயணம். நவாலப்பிட்டியிலிருந்து நீண்ட இருப்புப்பாதை நானுஓயாவை 1885இல் வந்தடைந்தது. தேயிலையைத் துறைமுகத்திற்குக் கொண்டுசெல்லவே மலைநாட்டுப் பாதை பெரிதும் பயன்பட்டது. கடல்மட்டத்திலிருந்து ஐயாயிரம் அடிக்கு மேலுள்ள நானுஓயாவிற் புறப்படும் வண்டி, தலவாக்கலையைத் தாண்டி, சிங்கமலைச் சுரங்கத்தைக் கடந்து, அட்டனைத் தொட்டு, கடுகண்ணாவைச் சரிவில் இறங்கிச் சமவெளியை அடையும். பகற்பொழுது கழியும் பயணமாகையால் கட்டுச்சோறும் குடிநீரும் கையிலிருத்தல் வேண்டும். ஆசனப் பதிவை முன்கூட்டியே செய்துகொள்க. சித்திரையில் அந்நிய நாட்டு உல்லாசப் பயணிகளும் அதே வண்டிகளையே நாடுவர். 2025 நவம்பர் இறுதியில் வீசிய தித்வாச் சூறாவளியால் மலைநாட்டு இருப்புப்பாதை பல இடங்களிற் சிதைவுற்றது. ஆதலின் எவ்வண்டி எதுவரை ஓடுகின்றதென்பதை நிலையத்திலேயே கேட்டறிந்து, வேண்டுமெனில் அட்டன் வழியாகப் பேருந்திற் செல்ல ஆயத்தமாயிருத்தல் வேண்டும்.

முதல் நாள் பயணத்தோடு கழியும். இரண்டாம் நாள் நகரத்துக்குரியது. 1877இல் திறக்கப்பட்ட கொழும்பு நூதனசாலையில் கண்டி அரசர்களின் சிம்மாசனத்தையும் பழைய செப்புத் திருமேனிகளையும் காணலாம். புறக்கோட்டையில் பொருள் வாங்கச் செல்வோர் செட்டியார் தெருவிலுள்ள கதிரேசன் கோயில்களையும் வணங்கி வரலாம். 2022இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட தாமரைக் கோபுரத்தின்மேல் ஏறக் கட்டணம் உண்டு. மலையுச்சியிலேயே பிறந்தவர்கள் அதனைக் கீழிருந்து பார்த்தாலும் குறைவில்லை. மாலையில் காலிமுகத்திடல். 1859இல் ஆளுநர் ஹென்றி வார்ட் அமைத்த அவ்விடத்தில் கதிரவன் கடலில் மறைவதைக் காண்பதற்குக் கட்டணம் ஏதுமில்லை.

மூன்றாம் நாள் கடலுக்குரியது. வெள்ளவத்தையிற் கரையோரப் புகையிரதமேறினால் கல்கிசை சிறிது நேரத்தில் வரும். நாள் முழுவதும் செலவிட விரும்புவோர் காலிவரை செல்லலாம். பாதையின் பெரும்பகுதி கடலை ஒட்டியே செல்லும். ஒல்லாந்தர் கட்டிய கோட்டையின் மதில்மேல் நடந்துவிட்டு அன்றிரவே திரும்பிவிடலாம். அவ்வழியில் ஹிக்கடுவைக்கு அருகே பெரலிய என்னும் இடத்தில்தான், 2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை புகையிரதமொன்றைப் புரட்டி ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுசென்றது. அங்கே நினைவுச்சின்னம் உண்டு.

கடலைப் பற்றி மலைநாட்டார் அறியவேண்டிய செய்தி ஒன்று. ஆற்றில் இறங்கிப் பழகியவருக்குக் கடலின் குணம் தெரியாது. கரையில் மோதிய நீர் மீளும்போது சில இடங்களில் ஒடுங்கிய நீரோட்டமாகி ஆளை உள்ளே இழுக்கும். அலை குறைந்து அமைதியாய்த் தோன்றும் இடமே அவ்விழுப்பின் இடமாயிருத்தல் கூடும். நீந்தத் தெரியாதவர் முழங்காலளவுக்கு மேல் இறங்குதல் ஆகாது. சிவப்புக் கொடி பறக்குமிடத்தில் கால் நனைத்தலும் வேண்டாம். மதுவருந்திக் கடலில் இறங்குதல் கூடவே கூடாது. காலைப் பொழுதில், உயிர்காப்பாளர் நிற்கும் இடத்தில், இருவரும் கைகோத்து நின்று காலை நனைத்தாலே போதும். கொழும்பு வெப்பம் மலைநாட்டு உடலை விரைவில் தளர்த்தும். உச்சி வெயிலில் அறையில் ஓய்ந்திருந்து, நீரும் இளநீரும் நிரம்ப அருந்துக. பருத்தி ஆடை போதும். ஆயினும் திரும்பும் வழியில் அட்டனைத் தாண்டினால் குளிர் பிடிக்குமாதலால் கம்பளிச் சட்டை பையின் அடியில் இருக்கட்டும்.

நேயர்களே, இத்தனை செலவும் சிரமமும் எதற்கு என்று அந்த முதியவளைப் போல் வேறு பலரும் கேட்கலாம். இம்மக்களின் முன்னோர் கடல் கடந்து வந்தவர்கள். தலைமன்னாரில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைவரை நடந்து வந்தவர்களின் நினைவாக 2023இல் அதே வழியில் நடைபயணமொன்று நிகழ்ந்தது. மலையேறிய பின் அவர்களுட் பெரும்பாலோர் கடலை மறுமுறை காணவில்லை. காண நேர்ந்தவர்களும் மகிழ்ந்து காணவில்லை. 1964 ஒக்டோபரில் ஏற்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலட்சக்கணக்கானோர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டபோது, மலைநாட்டு நிலையங்களில் வண்டி புறப்படும் வேளையெல்லாம் அழுகுரலே எழுந்தது. அவ்வண்டியை ஒப்பாரிக் கோச்சி என்றே மக்கள் சொன்னார்கள். அண்ணன் போக, தம்பி நின்றான். மகள் போக, தாய் நின்றாள். போனவர் கையில் திரும்பி வருவதற்குச் சீட்டு இல்லை. அதன் பின்னரும் இளைஞர்கள் கோச்சியேறியது பெரும்பாலும் பிழைப்புத் தேடியே.

அத்தகைய நிலையத்தில் இன்று ஓர் இளந்தம்பதியர் திரும்பி வருவதற்கும் சேர்த்துச் சீட்டுக் கேட்டு நிற்பார்களாயின், அது வீண் ஆடம்பரமாகாது. உழைப்பவர்க்கு ஓய்வும் உண்டு, தாம் வாழும் நாட்டைக் கண்டு மகிழும் உரிமையும் உண்டு என்பதை அவர்கள் தம் சொந்தப் பணத்தில் நிலைநாட்டுகின்றனர் என்பதே பொருள். அந்த முதியவளுக்கும் ஒரு சொல்: அடுத்த ஆண்டுச் சீட்டில் மூன்றாமவருக்கும் ஒரு பங்கு போட்டுவைக்கும்படி மகனிடம் சொல்லுங்கள். கடலில் கொழுந்து இல்லைதான். ஆனாலும் பாட்டனும் பாட்டியும் எந்த நீரைக் கடந்து வந்தார்கள் என்பதைக் கண்ணாற் காணும் உரிமை உங்களுக்கும் உண்டு.