முதல் டெஸ்ட் நார்மல்னா வீட்டுக்குக் கிளம்பிடலாமா?

இன்னைக்கு எபிசோடை ஒரு சொந்தக் கதையோட ஆரம்பிக்கிறேன்.

ஒரு நாள் ராத்திரி பதினொரு மணி. அப்பா நெஞ்சைத் தடவிக்கிட்டே, "கேஸ்தான்டா, ஒரு சோடா வாங்கிட்டு வா"ன்னார். நான் சோடாவுக்குப் போகாம ஆட்டோ பிடிச்சேன். ஆஸ்பத்திரியில ஈசிஜி எடுத்தாங்க, பெரிய மாற்றம் இல்லை. ரத்தத்துல ட்ரோப்போனின் பார்த்தாங்க, அதுவும் நார்மல். "நான்தான் சொன்னேன்ல?"ன்னு அப்பா செருப்பைத் தேட ஆரம்பிச்சுட்டார்.

டியூட்டி டாக்டர் விடலை. "வலி ஆரம்பிச்சு ஒரு மணி நேரம்கூட ஆகலை சார். மூணு மணி நேரம் கழிச்சு இன்னொரு தடவை பார்த்துடலாம்."

ரெண்டாவது ரிசல்ட்ல அளவு நல்லா ஏறியிருந்தது. மாரடைப்பு.

அப்போ முதல் டெஸ்ட் தப்பா? இல்லை. ட்ரோப்போனின் என்பது இதயத் தசை சுருங்கி விரிய உதவும் புரதம். தசை செல்லுக்குள்ள இருக்க வேண்டியது. ரத்தம் கிடைக்காம செல் சாகும்போதுதான் வெளியே கசியும். அது டெஸ்ட்ல தெரியுற அளவுக்குச் சேர நேரம் ஆகும். ஆனா ஏறினதுக்கு அப்புறம் பல நாள் ரத்தத்துல இருக்கும்.

இதைப் பிடிக்கத்தான் பயோசென்சர். கோவிட் சமயத்துல வீட்டுல பண்ணின டெஸ்ட் ஞாபகம் இருக்கா? அதே அடிப்படைதான். ட்ரோப்போனினை மட்டும் கவ்விப் பிடிக்கிற ஆன்டிபாடியை ஒரு பரப்புல ஒட்டி வைப்பாங்க. சில கருவிகள்ல அந்தப் பரப்பு ஒரு மின்முனை. புரதம் வந்து ஒட்டினா மின்சார சிக்னல் மாறும். அந்த மாற்றம் திரையில எண்ணா வரும்.

கேட்க ஈஸியா இருக்கு. சிக்கல் அளவுல இருக்கு. பரவலா பயன்படுற ஒரு ட்ரோப்போனின்-டி டெஸ்ட்ல, லிட்டருக்கு 14 நானோகிராம் தாண்டினாலே அதிகம். அதே ஒரு லிட்டர் ரத்த பிளாஸ்மாவுல ஆல்புமின்னு இன்னொரு புரதம் சுமார் 40 கிராம் இருக்கும். எடைக் கணக்குல கிட்டத்தட்ட 300 கோடி மடங்கு. அந்தக் கூட்டம் சென்சர் மேல போய் அப்பிக்காம தடுத்து, நமக்கு வேண்டிய ஆளை மட்டும் பிடிக்கணும். ஆய்வகங்கள்ல நடக்கிற சண்டையில பெரும்பகுதி இதுக்குத்தான்.

இது ஜெயிச்சா, பெரிய லேப் இல்லாத ஊர்லகூட விரல் நுனி ரத்தத்துல சில நிமிஷத்துல பதில் கிடைக்கும். ஆனா எவ்வளவு நுட்பமான சென்சரா இருந்தாலும் இன்னும் கசியாத புரதத்தைப் பிடிக்க முடியாது. சிறுநீரகக் கோளாறு மாதிரி வேற காரணத்தாலயும் அளவு கூடலாம். அதனால டாக்டர்கள் ஒரு எண்ணை மட்டும் பார்க்குறதில்லை. அது ஏறுதா, இறங்குதான்னு பார்க்குறாங்க. ஈசிஜியிலேயே மாரடைப்பு தெளிவா தெரிஞ்சா, ட்ரோப்போனினுக்காகக் காத்திருக்காம சிகிச்சையை ஆரம்பிச்சுடுவாங்க.

வீட்டுல யாருக்காவது நெஞ்சு வலின்னா சோடா தேடாதீங்க. 108-க்கு போன் பண்ணுங்க. வலி எத்தனை மணிக்கு ஆரம்பிச்சதுன்னு குறிச்சு வைங்க. டாக்டர் இன்னொரு டெஸ்ட்னு சொன்னா உட்காருங்க.

அப்பா இப்போ நல்லா இருக்கார். அது கேஸ்தான்னு இன்னமும் வாதாடுறார்.