கடற்கரைக்கு அழைத்தார்கள், வீட்டுக்கு எப்போது?

(சாதி மறுப்புத் திருமணம் குறித்த ஒரு சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னால் பேசியவர்கள் சட்டத்தைப் பற்றியும் வழக்குகளைப் பற்றியும் நிறையச் சொல்லிவிட்டார்கள். நான் ஒரு சுற்றுலாவைப் பற்றிப் பேசப் போகிறேன். தரங்கம்பாடி, மூன்று நாள். என் இணையரின் குடும்பத்தை முதன்முதலாக அங்கேதான் சந்தித்தேன்.

நாங்கள் இரண்டு ஆண்டுகளாகப் பழகிவந்தோம். இருவருக்கும் சென்னையில் வேலை. ஒருநாள் அவர், "வீட்ல எல்லாரும் தரங்கம்பாடி போறாங்க, உன்னையும் வரச் சொன்னாங்க" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. உடனே அப்பாவுக்குப் போன் போட்டேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "யார் வண்டி?" அடுத்தது, "ஆம்பளைங்க எத்தனை பேர்?" எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அவங்க படிச்ச குடும்பம்ப்பா" என்றேன். "கோகுல்ராஜைக் கோயில்ல இருந்து வண்டியிலதான் கூட்டிட்டுப் போனாங்க" என்றார். அதற்கு மேல் நான் பேசவில்லை. 2015-இல் திருச்செங்கோடு மலைக்குத் தன்னோடு படித்த பெண்ணுடன் போன பையன், மறுநாள் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தான். அப்பா அதை மறக்கவே இல்லை. கடைசியில் ஒரு நிபந்தனையோடு அனுப்பினார்: அவர்கள் காரில் ஏறக்கூடாது, பஸ்ஸில்தான் போக வேண்டும், காலையும் ராத்திரியும் போன் செய்ய வேண்டும். கடற்கரைக்குப் போகிறவர்கள் மாற்றுத்துணி, தொப்பி என்று யோசிப்பார்கள். நம் வீட்டில் இதையெல்லாம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

அம்மா, "வெறுங்கையோட போகக்கூடாது" என்று ராத்திரி உட்கார்ந்து அதிரசம் சுட்டார். ஒரு எவர்சில்வர் டப்பா நிறைய.

உண்மையைச் சொல்ல வேண்டும். அவர்கள் நன்றாகத்தான் நடந்துகொண்டார்கள். வாடகைக்கு எடுத்திருந்த வீட்டில் எனக்கும் அவர் அக்காவுக்கும் ஒரே அறை. டேனிஷ் கோட்டையைச் சுற்றிப் பார்த்தோம், கடலில் நனைந்தோம். ஹோட்டலில் ஒரே மேசையில் சாப்பிட்டோம், அவர் அம்மா தன் தட்டிலிருந்த வஞ்சிரத் துண்டை எனக்கு எடுத்து வைத்தார். அக்காவின் கணவர் கடலைப் பார்த்துக்கொண்டே, "இது முன்னாடி எல்லாரும் ஒண்ணுதாம்மா" என்றார். நான் தலையாட்டினேன். ஆனால் மனசுக்குள் 2004 டிசம்பர் 26 ஓடியது. பழைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்த சுனாமி அது. அப்போதும் நிவாரண முகாம்களில் தலித் மக்களை ஒதுக்கினார்கள், தண்ணீர்த் தொட்டியைத் தொடவிடவில்லை. பிணங்களை அள்ள வெளியூர்களிலிருந்து துப்புரவுத் தொழிலாளர்களைத்தான் கொண்டுவந்தார்கள். அலைக்கு வேண்டுமானால் எல்லோரும் ஒன்றாக இருக்கலாம்.

இரண்டாம் நாள் சாயங்காலம் அவர் அம்மாவும் நானும் மணலில் நடந்தோம். "உங்க சொந்த ஊர் எதும்மா?" சொன்னேன். "ஊர்ல எந்தப் பக்கம்?" சொன்னேன். "குலசாமி?" "அப்பாவுக்கு நிலம் ஏதும் உண்டா?" 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெயருக்குப் பின்னால் இருக்கும் சாதிப் பட்டத்தைத் துறக்கத் தீர்மானம் போட்டார்கள். இன்று தமிழ்நாட்டில் பெயரை வைத்து எளிதில் சாதியைக் கண்டுபிடிக்க முடியாது. அந்தப் பெருமை எனக்கும் உண்டு. ஆனால் அதற்கு ஈடாக நம் ஊர் இந்தக் கேள்வித்தாளைத் தயாரித்து வைத்திருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் டர்பன் கடற்கரையில் வெள்ளையர்களுக்கு மட்டும் என்று பலகையே நட்டிருந்தார்கள். அங்கே குடியேறிய தமிழர்களும் அந்தப் பகுதியில் கால் வைக்க முடியாது. 1989-இல் அந்தத் தடை நீங்கியது. பலகையைப் பிடுங்கிப் போடலாம், தோழர்களே. "எந்தப் பக்கம்" என்ற கேள்வியை எங்கே போய்ப் பிடுங்குவது?

நான் திரும்பிப் பார்த்தேன். என் இணையர் அக்கா குழந்தையோடு மணல்வீடு கட்டிக்கொண்டிருந்தார். அவர் வீட்டில் "வேற ஆளுங்க" என்று மட்டும் சொல்லியிருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"நாங்க எஸ்.சி.ம்மா. பறையர்" என்றேன்.

அவர் கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நீ நல்ல பொண்ணாத்தாம்மா இருக்க. எங்களுக்கு ஒண்ணும் இல்ல. கல்யாணத்தை மெட்ராஸ்லயே வச்சுக்கலாம். ஊர்ல யாராவது கேட்டா மெட்ராஸ் பொண்ணுன்னு மட்டும் சொல்லிக்கலாம்."

பிடித்த கையை அவர் விடவில்லை. அதனால்தான் என்னால் கோபப்படக்கூட முடியவில்லை.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. ஏன் கடற்கரை, ஏன் அவர்கள் வீடு இல்லை என்று அப்போதுதான் யோசித்தேன். தரங்கம்பாடியில் அவர்களை யாருக்கும் தெரியாது. ஹோட்டலில் சமைத்தவர் என்ன சாதி என்று யாரும் கேட்கப் போவதில்லை. அங்கே நான் பையனோடு வேலை பார்க்கும் பெண். வீடு என்றால் தெரு இருக்கிறது, பங்காளிகள் இருக்கிறார்கள், அடுப்படி இருக்கிறது. 2011-12-இல் நாடு முழுக்க எடுத்த இந்திய மனித மேம்பாட்டு ஆய்வில், நூற்றுக்கு 27 வீடுகள் ஏதோ ஒரு விதத்தில் தீண்டாமை பார்ப்பதாக ஒப்புக்கொண்டன. பட்டியல் சாதியினர் உங்கள் அடுப்படிக்குள் வரலாமா, பாத்திரங்களைப் புழங்கலாமா என்றும் அதில் கேட்டிருந்தார்கள். ஹோட்டலில் ஒன்றாகச் சாப்பிடுவீர்களா என்று கேட்டிருந்தால் பாதிப் பேர் தப்பித்திருப்பார்கள். அதே ஆய்வில் சாதி மாறிய திருமணங்கள் நூற்றுக்கு ஏறக்குறைய 5.

மூன்றாம் நாள் கிளம்பும்போது டப்பாவைத் தேடினேன். வைத்த இடத்திலேயே, ஃபிரிட்ஜ் மேலே இருந்தது. குழந்தை மட்டும் இரண்டு தின்றிருந்தது. மீதியில் எறும்பு. மறந்துபோயிருக்கலாம், சுற்றுலாவில் யாருக்கு அதிரசம் ஞாபகம் வரும் என்றுகூட எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். வீட்டுக்கு வந்ததும் அம்மா, "எல்லாரும் சாப்பிட்டாங்களா?" என்று கேட்டார். "சாப்பிட்டாங்கம்மா, நல்லா இருந்துச்சுன்னாங்க" என்றேன். மற்ற எதையும்விட, அம்மாவிடம் அந்தப் பொய்யைச் சொன்னதுதான் இன்னும் உறுத்துகிறது.

பஸ்ஸில் வரும்போது இணையரோடு பெரிய சண்டை. "நேரம் பார்த்துச் சொல்லலாம்னு இருந்தேன்" என்றார். அந்த நேரம் என்னை மணலில் நிற்கவைத்து வந்தது. இங்கே ஆதிக்கச் சாதிகளில் பிறந்து நம்மோடு நிற்கிற தோழர்கள் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒன்று கேட்கிறேன். எங்களை உங்கள் அம்மாவுக்குப் பிடிக்கவைக்கும் வேலையை எங்கள் தலையில் கட்டாதீர்கள். நாங்கள் நல்ல பெண்ணா, நன்றாகப் பேசுகிறோமா, சுத்தமாக இருக்கிறோமா என்று பரீட்சை வைக்கவிடாதீர்கள். சாதியைப் பற்றிய பேச்சை உங்கள் வீட்டுக்குள், உங்கள் வாயால், நாங்கள் வருவதற்கு முன்பே பேசி முடியுங்கள். சண்டை வந்தால் அது உங்கள் சண்டை. அவர் இதைப் புரிந்துகொள்ள ஆறு மாதம் ஆனது. தனியாக ஊருக்குப் போய், அப்பா, பெரியப்பா எல்லோரையும் உட்காரவைத்து, என் சாதியின் பெயரைச் சொல்லியே பேசிவிட்டு வந்தார். பெரியப்பா இப்போது அவரோடு பேசுவதில்லை.

அடுத்த மாதம் அவர் வீட்டுக்குப் போகிறோம். அவர் அம்மா போனில், "ராத்திரி கடைசி பஸ்ஸுக்கு வந்துடுங்கம்மா" என்றார். நாங்கள் பகல் 11 மணி பஸ்ஸில் போகிறோம். டீக்கடை வாசலில் இறங்கித் தெரு வழியாக நடந்து போக வேண்டும். பயம் இல்லாமல் இல்லை. சாதி மறுப்பு இணையர்களுக்காக மாவட்டந்தோறும் தனிப்பிரிவு அமைக்கச் சொல்லி 2016-இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த மாவட்டப் பிரிவின் எண்ணை இருவர் போனிலும் ஏற்றி வைத்திருக்கிறோம், நீங்களும் உங்கள் மாவட்ட எண்ணைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அப்பா வழக்கம்போல "எத்தனை பேர்?" என்று கேட்டார். அம்மா பச்சரிசி வாங்கி வைத்துவிட்டார். இந்த முறை டப்பாவை யார் கையிலும் கொடுக்கப் போவதில்லை. நானே அடுப்படிக்குள் போய் வைக்கப் போகிறேன்.