உணர்ச்சியுள்ள கை

(இலக்கிய வட்டத்தின் திங்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘கிறித்தவ நம்பிக்கையும் அன்றாடத் தொழிலும்: நூல்கள்வழி ஒரு நோக்கு’ என்பது எனக்கு அளிக்கப்பெற்ற தலைப்பு. நான் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தவள் அல்லேன். சேலத்துத் தறிவீடு ஒன்றில் பிறந்தவள். கல்லூரியில் கிறித்தவத் தமிழிலக்கியப் பாடத்தைக் கற்பித்து வருவதனால் இப்பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தீர்கள். நூற்பட்டியல் ஒன்றை வாசித்துவிட்டு அமர்வது எளிது. ஆனால் அவ்வாறு செய்ய என் மனம் ஒப்பவில்லை. அதற்கான காரணத்தை உரையின் இறுதியில் சொல்வேன்.

இயேசு பெருமான் தச்சுத் தொழில் செய்தவர். பவுலடிகள் கூடாரம் செய்து பிழைத்தவர். அவ்வாறிருந்தும், கோயிற்பணி ஒன்றே இறைப்பணி, ஏனைய தொழில்கள் வயிற்றுப்பாட்டுக்கானவை என்னும் எண்ணம் காலப்போக்கில் வேரூன்றியது. 16ஆம் நூற்றாண்டில் மார்ட்டின் லூதர் இதனை மறுத்தார். நேர்மையான எந்தத் தொழிலும் இறைவனின் அழைப்பே என்றார். துப்பறியும் புதினங்களால் புகழ்பெற்ற டோரதி சேயர்ஸ் என்னும் ஆங்கில அம்மையார் 1942இல் ஆற்றிய உரையொன்றில் இதனை இன்னும் கூர்மையாக்கினார். தச்சனைப் பார்த்துக் குடிக்காதே, ஞாயிறுதோறும் கோயிலுக்கு வா என்று சொன்னால் போதாது; அவனது சமயம் அவனிடம் முதற்கண் கேட்பது நல்ல மேசையைத்தான் என்பது அவர் கருத்து. 1981இல் போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால் மனித உழைப்பைப் பற்றியே சுற்றுமடல் ஒன்று விடுத்தார். தொழிலுக்காக மனிதன் அல்லன், மனிதனுக்காகவே தொழில் என்பது அதன் சாரம்.

நம் மொழியிலும் இவ்வழியில் நின்று எழுதியவர் உண்டு. மாயூரம் வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர். தொழிலால் மாவட்ட முன்சீப். ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ எழுதியவர் என்றே அவரை நாம் நினைவிற் கொள்கிறோம். அதற்கு 20 ஆண்டுகளுக்கு முன்பே, 1859இல், நீதிமன்ற இருக்கையில் இருந்துகொண்டே ‘நீதிநூல்’ வெளியிட்டார். அந்நூலில் கைக்கூலி வாங்குவதைக் கடிந்து பாடினார். ஊர்க்குற்றத்தை வெளியே நின்று பாடுவது எளிது. தாம் அமர்ந்திருக்கும் நாற்காலியின் குற்றத்தைப் பாடுவது அரிது. உயர்நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழாக்கியதும் அவர் தொழிலறத்தின் தொடர்ச்சியே. வழக்காடும் எளியவனுக்குத் தன் வழக்கின் போக்குப் புரியவேண்டும் அன்றோ?

இனி நம் வீட்டு வாசலுக்கு வருவோம். நாமக்கல்லிலிருந்து வடகிழக்கே நோக்கினால் கொல்லிமலை தெரிகிறது. வல்வில் ஓரியின் மலை என்று நாம் அதனைப் போற்றுகிறோம். வன்பரணரும் கழைதின் யானையாரும் அவனைப் பாடினர். அம்மலையில் 1913இல் ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் என்னும் ஆங்கிலத் தம்பதியர் குடியேறினர். ஜெஸ்ஸி கட்டடக்கலை அறிந்தவர். ஓரளவு மருத்துவமும் பயின்றவர். நற்செய்தி சொன்ன அதே கையால் மரமறுத்தார், வீடு கட்டினார், மருந்திட்டார். 1929இல் கொடிய காய்ச்சலுக்கு இரையானார். அவருடைய துணைவியாரோ ஓய்வுபெறும் வயதிலும் தாயகம் திரும்ப மறுத்து மலைகளிலேயே தங்கினார். 1974இல் தம் 95ஆம் அகவையில் மறைந்தார்.

அவர்களின் மகன் பால் பிராண்ட் 1914இல் பிறந்து இம்மலையில் வளர்ந்தவர். ஒன்பது வயதில் கல்விக்காக இங்கிலாந்து சென்றவர், பள்ளிப்படிப்பு முடிந்ததும் ஐந்தாண்டுகள் தச்சும் கொத்துவேலையும் பயின்றார். பின்னரே மருத்துவம் படித்தார். 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார்.

அடுத்த ஆண்டு, செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையில் ஒரு நிகழ்ச்சி. விரல்கள் மடங்கி முடங்கியிருந்த ஒருவரிடம் தம் கையைக் கொடுத்து, இறுகப் பிடிக்கச் சொன்னார் பிராண்ட். மெலிந்த பிடியை எதிர்பார்த்தவர் வலி தாங்காமல் துடித்தார். அந்தக் கையில் வலிமை அப்படியே இருந்தது. உணர்ச்சி மட்டுமே இல்லை. தாம் எவ்வளவு அழுத்துகிறோம் என்பதை அந்நோயாளரால் அறிய இயலவில்லை. தொழுநோயால் சதை தானாக அழுகிவிடுவதில்லை, உணர்ச்சியற்ற உறுப்பு தன்னையறியாமல் காயப்பட்டுப்பட்டே அழிகிறது என்னும் தெளிவை நோக்கி அவரைச் செலுத்தியவற்றுள் அந்தப் பிடியும் ஒன்று. நல்ல நிலையில் இருந்த தசைநாண்களை இடம் மாற்றித் தைத்து, மடங்கிய விரல்களை நிமிர்த்தினார்.

கதை அங்கே முடியவில்லை. விரல் நிமிர்ந்து ஊர் திரும்பியவர்கள் சிலர் மீண்டும் வந்து முறையிட்டனர். ஐயா, இந்தக் கையை நீட்டினால் முன்போல் பிச்சை விழவில்லை, வேலை கொடுப்பாரும் இல்லை என்றனர். கையைத் திருத்தினால் மட்டும் போதாது, அதற்கு ஒரு தொழிலும் வேண்டும் என்பது அப்போதுதான் விளங்கிற்று. வேலூரில் நவஜீவ நிலையம் என்னும் சிறு குடியிருப்பு எழுந்தது. அங்கே மரப்பொம்மை செய்யக் கற்பித்தனர். சுத்தியலின் பிடி உள்ளங்கையைக் கிழித்தாலும் அவர்களுக்குத் தெரியாது. ஆகவே கருவிகளின் பிடிகளையே அவர்தம் கைக்கேற்ப மாற்றியமைத்தார் பிராண்ட். இளமையில் கற்ற தச்சுவேலை வீண்போகவில்லை.

இவ்வரலாற்றை அமெரிக்க எழுத்தாளர் டோரதி கிளார்க் வில்சன் 1965இல் நூலாக்கினார். ‘கடவுளுக்குப் பத்து விரல்கள்’ என அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். அன்னை ஈவ்லினைப் பற்றி அவர் எழுதிய நூல் 1976இல் வந்தது. பிலிப் யான்சியுடன் இணைந்து பிராண்டே எழுதிய நூல்கள் 1980, 1984, 1993ஆம் ஆண்டுகளில் வெளிவந்தன. அவற்றுள் இறுதியானது, வலியை எவரும் விரும்பாத கொடை என்று கொண்டு எழுதப்பட்டது. சமயமும் தொழிலும் சேரும் இடத்தைத் தேடுவோர்க்கு இவற்றையே நான் முதலில் பரிந்துரைப்பேன். இவற்றில் போதனை குறைவு, வேலை மிகுதி.

சேற்றைப் பற்றிப் பிராண்ட் எழுதிய கட்டுரையொன்று உண்டு. மலையின் படிக்கட்டு வயல்களில் சிறுவர்கள் தவளை பிடித்து விளையாடி வரப்பைக் கலக்குகிறார்கள். காவலிருந்த முதியவர் ஒருவர் வந்து அடிக்கவில்லை. ஒரு கை சேற்றை அள்ளிக் காட்டி, இது என்ன என்று கேட்கிறார். தலைமுறைகளுக்குச் சோறிடும் மண் இது, நீரோடு கீழே இறங்கினால் மீண்டும் மலையேறாது என்று விளக்குகிறார். அந்த முதியவர் எந்தச் சமயநூலையும் காட்டிப் பேசவில்லை. அவருடைய கைக்கு மண்ணின் அருமை தெரிந்திருந்தது. ஓரியைப் பாடிய மரபில் வந்தவர்கள் நாம். ஆனால் அம்முதியவரை எழுத்தில் நிறுத்தியவர் அம்மலையில் வளர்ந்த அயல்நாட்டார் மகன்.

தொடக்கத்தில் ஒரு காரணம் சொல்வதாகக் கூறினேன். சில ஆண்டுகளுக்கு முன் விடைத்தாள் திருத்தும் முகாம் ஒன்றில் பணியாற்றினேன். நாள் முழுவதும் பேனா ஓடியது. பின்னர், மறுபார்வைக்கு வந்த ஒரு தாளை என் முன் வைத்தார்கள். இறுதி இரண்டு பக்கங்களை நான் திருப்பவே இல்லை. நான்கு மதிப்பெண்ணில் அத்தாள் தோற்றிருந்தது. திருத்திய மதிப்பெண் சென்று சேர்ந்தபோது அவ்வாண்டின் மேற்படிப்புச் சேர்க்கைகள் முடிந்திருந்தன. அத்தாளுக்குரியவர் மாணவனா மாணவியா என்றுகூட நான் அறியேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஓர் எண்.

அன்றிரவுதான் செங்கற்பட்டு நிகழ்ச்சி எனக்கு முழுதாகப் புரிந்தது. தொழுநோயாளரைப் பழிக்கும் உவமையாக இதனைக் கொள்ளலாகாது. அவர்களுக்கு நேர்ந்தது நோய். எனக்கு நேர்ந்தது என் குற்றம். என் கையில் வேகம் இருந்தது, பயிற்சி இருந்தது, முனைவர் பட்டமும் இருந்தது. எதனைத் தொடுகிறோம் என்னும் உணர்ச்சி இல்லை. இழை அறுந்தால் தறியை நிறுத்திப் பிணைத்த பின்பே நாடாவை ஓட்டியவர் என் தந்தையார். வாங்குபவர் கண்ணுக்கு அந்த ஓரிழை தெரியாது. அவருக்குத் தெரியும். நம்பிக்கை என்று இந்நூல்கள் சொல்வதை நான் இப்பொருளில்தான் விளங்கிக்கொள்கிறேன்: எவரும் பாராத இடத்திலும் கைக்கு இருக்கும் உணர்ச்சி.

கவிஞர்களிடம் ஒரு வேண்டுகோள். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுக்குப் பற்றவைப்பவர், நாமக்கல்லில் லாரிக்குக் கூண்டு கட்டுபவர், ஆத்தூர்ப் பக்கத்து ஜவ்வரிசி ஆலையில் மாவு காயவைக்கும் பெண் ஆகியோரை உழைப்பாளர் என்ற ஒற்றைச் சொல்லில் அடக்கிப் பாடிவிட வேண்டா. அருகில் சென்று, அந்தக் கைகள் அறிந்தது என்ன என்று கேளுங்கள். பத்தாம் ஆண்டு நிறைவின் அடையாளமாக, நான் கூறிய நூல்களுள் ஒன்றையேனும் நம் வட்டத்தின் நூலகத்தில் வாங்கி வையுங்கள்.

இப்போதெல்லாம் ஒவ்வொரு விடைத்தாளின் கடைசிப் பக்கத்தையும் கையால் தடவிப் பார்த்த பின்னரே மதிப்பெண்ணைக் கூட்டுகிறேன். ஒரு நாளில் நான் முடிக்கும் தாள்களின் எண்ணிக்கை குறைந்துவிட்டது. அதுபற்றி எனக்கு வருத்தம் இல்லை.