தனித்து வளர்க்கும் தாய்



அதிபராகப் பொறுப்பேற்ற புதிதில், கணிதத்திற் பின்தங்கியிருந்த மாணவன் ஒருவனிடம், "நாளை தந்தையாரை அழைத்து வா" என்றேன். இரண்டு நாட்கள் அவன் வரவில்லை. மூன்றாம் நாள் தாயாருடன் வந்தான். அவருடைய வெறும் நெற்றியைக் கண்டதும் என் பிழை விளங்கிற்று.

விடியுமுன் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுப்பது அவர் தொழில். "கண்டிக்கிறதும் நான்தான், தேற்றுகிறதும் நான்தான், ஐயா. நான் ஏசினால், பிள்ளை போய் முறையிட வீட்டில் வேறு ஆளில்லை" என்றார். வறுமையைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

2004 ஆம் ஆண்டின் கடற்கோளும், 2009 வரை நீடித்த போரும் நம் நாட்டில் இத்தகைய இல்லங்களைப் பெருக்கின. கணவன் கைவிட்டுச் சென்ற தாயர் வேறு. பிள்ளைக்குப் பராமரிப்புப் பணம் கோர, 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டம் வழிசெய்கிறது. ஆனால், நீதிமன்றத்தில் நிற்கும் நாளின் கூலியை யார் கொடுப்பார்?

அன்று அத்தாயார் பையிலிருந்து ஒரு கொப்பியை எடுத்துக் காட்டினார். மாவின் விலை, தேங்காயின் விலை, கடைக்காரரிடமிருந்து வரவேண்டிய நிலுவை யாவும் மகன் கையெழுத்தில் இருந்தன. கூட்டிப் பார்த்தேன், ஒரு ரூபாயேனும் பிசகில்லை. கணிதத்திற் பின்தங்கியவன் என்று நாம் முத்திரையிட்ட பிள்ளை அவன்! "இவன் எழுதித் தருவதால்தான் என்னை ஒருவரும் ஏமாற்றுவதில்லை" என்றபோது அவர் முகம் மலர்ந்தது.

தேர்ச்சி அறிக்கையில் 'தந்தை' என்று அச்சிட்டிருந்த இடத்தை நானே வெட்டித் 'தாய்' என எழுதிக் கொடுத்தேன். அவர் தம் பெயரை முழுமையாக, மெல்ல மெல்ல எழுதினார். மகன் அருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.