உப்பில் வாழும் உயிரும் மக்கும் பிளாஸ்டிக்கும்



உப்பில் எந்த ஜீவனும் பிழைக்காது என்றுதான் நாம் நினைத்து வந்திருக்கிறோம். ஊறுகாய்க்கும் கருவாட்டுக்கும் உப்பிடுவது அதற்காகத்தான். ஆனால் உப்பிட்ட கருவாட்டிலும் சில சமயம் செந்நிறம் படர்வதை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அது யார் கண் பட்டதாலும் அல்ல. உப்பிலேயே வளர்ந்து, உப்பில்லாவிட்டால் செத்துப்போகும் கிருமிகளின் வேலையே அது.

ஸ்பெயின் தேசத்தில் அலிகாந்தே நகருக்கு அருகிலுள்ள உப்பளத்தில் கிடைத்த இப்படிப்பட்ட ஒரு கிருமியை 1983-ல் விஞ்ஞானிகள் உலகுக்கு விவரித்தார்கள். ஹாலோபெராக்ஸ் மெடிட்டெரேனி என்பது அதன் இன்றைய பெயர். பாக்டீரியா என்று பேச்சுக்குச் சொன்னாலும், அது ஆர்க்கியா என்னும் வேறு வகுப்பைச் சேர்ந்தது. சர்க்கரை மிகுதியாகக் கிடைத்து மற்றச் சத்துக்கள் குறைந்தால், குடியானவன் குதிரில் நெல்லைச் சேர்ப்பதுபோல, தன் உடம்புக்குள் பிளாஸ்டிக் போன்ற ஒரு வஸ்துவை அது சேர்த்து வைக்கிறது. இவ்வகை வஸ்து பாக்டீரியாவில் உண்டென்பதை பிரெஞ்சுக்காரராகிய லெமுவான் 1926-லேயே கண்டு சொன்னார். பாலிதீன் பை வயலில் வருஷக்கணக்காய்க் கிடக்கிறது. இதையோ மண்ணிலும் கடலிலும் உள்ள கிருமிகள் நாளடைவில் தின்று தீர்த்துவிடும்.

அப்படியானால் உப்புக் கிருமிக்கு மட்டும் என்ன விசேஷம்? மற்றக் கிருமிகளை வளர்ப்பதென்றால் பாத்திரம், தண்ணீர் யாவற்றையும் நீராவியில் காய்ச்சியாக வேண்டும். இல்லையேல் வேறு கிருமி புகுந்து கெடுத்துவிடும். நூற்றுக்கு 20 பங்கு உப்புள்ள நீரிலோ அந்நியக் கிருமி அநேகமாய்த் தலைகாட்டாது, எரிபொருள் மிச்சம். அறுவடையும் சுலபம். உப்பில்லாத தண்ணீரில் விட்டால் கிருமி வெடித்து, சரக்கு வெளியே வந்துவிடும்.

இதற்காக நாம் கண்ணை மூடிக்கொண்டு கொண்டாடவேண்டியதில்லை. உப்புநீர் இரும்புத் தொட்டியை அரிக்கும். கழிவை வயலில் விட்டால் நிலம் பாழாகும். பெட்ரோலியப் பிளாஸ்டிக்கைவிட விலையும் அதிகம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது பெயர் மயக்கம். உயிரிப் பிளாஸ்டிக் என்று பெயரிட்டதெல்லாம் மக்கிவிடும் என்று நம்புவது, தர்மலிங்கம் என்று பெயருள்ளவனெல்லாம் தர்மம் செய்வான் என்று நம்புவதுபோலாகும். கரும்புச் சாராயத்திலிருந்து செய்யும் பாலிதீனும் அதே பெயரில்தான் விலைபோகிறது, அது மக்குவதில்லை.

ஆகவே தோழர்களே, எதனால் செய்தது, எங்கே மக்கும், எத்தனை நாளில் மக்கும் என்ற மூன்று கேள்விகளையும் விற்பவனிடம் தைரியமாய்க் கேளுங்கள். விடை சொல்லாதவனுடைய சரக்கு எவ்வளவு பச்சை வர்ணம் பூசியிருந்தாலும் அதை நம்பாதீர்கள் என்பதே நாம் சொல்லுவது.